மணியை அடக்கியவன்

அந்த மணிச்சத்தம் கேட்டாலே குணசேகரனுக்கு எரிச்சல் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனி அது. ஆபீஸ் இங்கே, டிராயிங்குகள் இருக்கும் கம்ப்யூட்டர் நசரத்பேட்டை ஃபேக்டரியில். இரண்டையும் இணைக்க ஒரு லைன். தொண்ணூற்றேழில் அதுவே பெரிய விஷயம். லைனில் சுமை ஏறினால் மணியடித்து எச்சரிக்க ஒரு சாஃப்ட்வேரும் வாங்கிப் போட்டிருந்தார்கள். எப்போது அடிக்க வேண்டும் என்று அதற்கு ரூல் எழுதியவன் குணசேகரன்தான். எழுதிய நாளிலிருந்து அது காரணமில்லாமல் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆனால் இப்போது அதை அடக்கியே தீர வேண்டும்.

மேனேஜர் நாற்காலி தனக்குத்தான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தான். முதலாளி தசரதன் அதில் தன் மச்சினனை உட்கார வைத்துவிட்டார். திருமழிசையில் இருந்த போட்டிக் கம்பெனிக்காரர் அதே நாற்காலியைத் தருவதாகச் சொன்னார், புதுப் பம்பின் டிராயிங்குகளோடு வந்தால்.

அத்தனையையும் லைனில் இழுத்தால் சுமை உச்சிக்குப் போகும். மணி கத்தும். முதலாளி இருப்பது பக்கத்து அறையில். திருடத் துணிந்தவனுக்கு ஒவ்வொரு டிங்கும் தன்னைக் காட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது.

ரூலைத் திருத்திப் பார்த்தான். அடைப்புக்குறி விட்டுப்போனது என்றது. போட்டான். மூன்றாவது வரி தப்பு என்றது. சாஃப்ட்வேர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தான். தாட்சாயிணி என்ற பெண் வந்தாள்.

"சார், சுமை எண்பது பர்சென்ட்டைத் தாண்டணும், அது அஞ்சு நிமிஷம் நீடிக்கவும் செய்யணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மணி. நீங்க நடுவுல 'அல்லது' போட்டிருக்கீங்க. அதான் சும்மா சும்மா அடிக்குது."

"சரிம்மா, மாத்திடு. எண்பதையும் நூறாக்கிடு."

"நூறைத் தாண்டவே தாண்டாதே சார்! அப்புறம் எது நடந்தாலும் மணி அடிக்காது."

"பரவாயில்ல. பின்னால குறைச்சுக்கிறேன்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். மாற்றிக் கொடுத்தாள். "ஒரு தடவை நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, புது ரூல் எடுத்துக்கும்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஜன்னல் வழியே பார்த்தான். கேட்டில் வாட்ச்மேன் வேம்புலியிடம் நின்று ஏதோ பேசினாள். பேசிக்கொண்டே ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினாள். தன்னைப் பற்றித்தான் சொல்கிறாளோ என்று குணசேகரன் ஜன்னலோரமாக ஒதுங்கினான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் கேண்டீனில். முதலாளி கேரியரைக் காலி செய்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். குணசேகரன் கதவைத் தாழிட்டான். சாஃப்ட்வேரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டான்.

டிங் நின்றது.

டிராயிங்குகளை ஒரு டிஸ்க்கில் இழுக்க ஆரம்பித்தான். சுமை எழுபது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. மணியிடம் மூச்சுப் பேச்சில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"டேய் குணசேகரா! கதவத் தொறடா!"

முதலாளியின் குரல். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழ, தசரதன் உள்ளே பாய்ந்தார். ஓங்கிய கையில் மரக்கட்டை. பின்னால் வேம்புலி.

குணசேகரன் தடாலென்று காலில் விழுந்தான்.

"ஐயா, அடிச்சிடாதீங்க! அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னது நெஜந்தான். டிராயிங் எல்லாம் இந்த டிஸ்க்குலதான் இருக்கு. திருமழிசைக்காரர்தான் கேட்டாரு. போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க!"

கட்டை அந்தரத்திலேயே நின்றது. தசரதன் வேம்புலியைப் பார்த்தார். வேம்புலி உதட்டைப் பிதுக்கினான். தசரதன் குணசேகரனிடம் திரும்பினார்.

"எந்தப் பொண்ணு? இன்னா டிராயிங்கு? ஓயாம அடிச்சிகினு கெடந்த மணி திடீர்னு நின்னுபூட்ச்சே, உன்னக் கரண்டு புட்ச்சிகிச்சோன்னு தட்டிவுட கட்டைய எடுத்துகினு ஓடியாந்தேன்டா!"