வாக்கரை விடும் நாள்

புருசன் காசிமாயன் தெருமுனையைத் தாண்டியதும் சந்திரவல்லி வாக்கரைக் கட்டிலோரமாக நிறுத்திவிட்டு, வெறுங்கையோடு அடுப்படிக்கு நடந்தாள். டப்பாவைத் திறந்து இரண்டு முறுக்கை எடுத்தாள். மென்றுகொண்டே திரும்பி வந்து, கட்டிலில் ஏறிப் படுத்து, மறுபடியும் நோயாளியாகிவிட்டாள்.

இடுப்பு மூட்டு மாற்றி ஒன்பது வாரம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் தேனியில் டாக்டர் அவளை நடக்கவிட்டுப் பார்த்து, "வாக்கரை விட்டுருங்கம்மா. தரையில உக்காராதீங்க, தோட்ட வேலைக்குப் போகாதீங்க. நின்னுக்கிட்டுச் செய்யிற வீட்டு வேலை எல்லாம் பாக்கலாம்" என்று சொல்லியாகிவிட்டது. காசிமாயன் அப்போது மாத்திரை வாங்கப் போயிருந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"கவனமா இருக்கச் சொன்னாரு" என்றாள். அது பொய்யில்லை என்று மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முப்பத்திரண்டு வருசமாக விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு, ஆறு மணிக்கு ஜீப்பு. போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் பொழுதுக்கும் குனிந்து காயெடுத்து, இருட்டும் நேரம் இறங்கி வந்தால் மறுபடியும் அதே அடுப்பு. அதே ஜீப்பில் வந்து இறங்கும் காசிமாயன் காலை நீட்டி உட்கார்ந்து, "காப்பி கொண்டா" என்பார். அவளுக்கும் கால் வலிக்கும் என்பது மூட்டு தேய்ந்து அவள் விழுந்த பிறகுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

ஆனால் தெரிந்த பிறகு மனுசன் குறை வைக்கவில்லை. ஆபரேசனுக்கு முன்பே கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினார். கக்கூசில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி பதித்தார். வழுக்கிவிடும் என்று தரையில் கிடந்த சாக்கு, பாய் எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போட்டார். மலைக்கு மருந்தடிக்கப் போவதை நிறுத்திவிட்டு, தாளிக்கக் கற்றுக்கொண்டார்.

காப்பி கட்டிலுக்கே வந்தது. ஒரு நாள் சீனி தூக்கலாக இருக்கும், ஒரு நாள் சீனியே இருக்காது. அவளுக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் நின்று பரிமாறினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது மூன்று வேளையும் அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே தின்றுவிட்டுப் போகிறார். உட்காரக்கூட நேரமில்லை பாவம் என்று சந்திரவல்லிக்கு மனசு உறுத்தியது. அடுத்த திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். திங்கட்கிழமை வரும், காப்பியும் வரும், வாய் திறக்காது. முப்பத்திரண்டு வருசத்து அசதி மூன்று வாரத்தில் போய்விடுமா என்ன?

அன்று கீரைக்கட்டோடு காசிமாயன் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

"கீரை வாங்க இம்புட்டு நேரமா?"

"வெரசா வர நான் என்ன எளவட்டமா? படு. சோத்த வடிச்சுட்டு வர்றேன்."

"துணி வச்சுப் பிடிங்க. ஆவி அடிக்கும்."

அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கூடவே, "ஆத்தா" என்று ஒரு முனகல்.

தான் எழுந்ததோ ஓடியதோ சந்திரவல்லிக்கு நினைவில்லை. அடுப்படியில் தரையெல்லாம் சோறு. காசிமாயன் ஒரு கையால் மேடையைப் பிடித்துத் தொங்காத குறையாக நின்றிருந்தார். மற்றக் கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டியிருந்தது. அவரை இழுத்துக் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்து, எரிச்சல் அடங்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பிறகுதான் கவனித்தாள். அவர் வெந்த கையைப் பார்க்கவில்லை. அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கர் கட்டிலோரத்தில் நின்றிருந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"மூணு வாரமாச்சுங்க" என்றாள். "டாக்டரு அன்னைக்கே வாக்கரை விடச் சொல்லிட்டாரு. நாந்தேன் உங்ககிட்டச் சொல்லல."

"ஏன்?"

"அசந்துபோச்சு. இடுப்பு மட்டுமில்ல, எல்லாமே. யாராச்சும் ஒரு காப்பி போட்டுக் குடுத்தா, அதைக் குடிச்சுட்டு இன்னும் கொஞ்ச நாள் படுத்துக் கெடக்கலாம்னு இருந்துச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

காசிமாயனின் கோபம் தெருவே அறிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு அதற்காகக் காத்திருந்தாள். ஆனால் அவர் சத்தம் போடவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல நடந்துபோய், அவளுக்காக வாங்கிய உயர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப வலி இல்லையே?"

"இல்ல."

"நாள் முழுக்க நின்னு சோலி பாக்க முடியுமா?"

அவ்வளவுதான், அடுப்பு திரும்பி வந்துவிட்டது. இந்த மனுசனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றாது என்று அவளுக்குக் கசந்தது.

"முடியும்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காசிமாயன் பெருமூச்சு விட்டார்.

"அப்பச் சரி. எனக்கும் மூட்டு மாத்தணும்னு அதே டாக்டரு சொல்லிட்டாரு. நீ எந்திரிக்கட்டும்னுதேன் பொறுத்துக்கிட்டிருந்தேன்."