பெயரை நீக்காமல் பகிரவும்

"நான் எழுதின மெசேஜை, என் பேரை வெட்டிட்டு அனுப்புறான்யா! இது திருட்டு இல்லாம வேற என்ன?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார் சங்கரலிங்கம். நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் உத்தியோகம். அது போக, குவார்ட்டர்ஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். நெட்டில் நடக்கிற மோசடிகளை எல்லாம் அம்பலப்படுத்தத்தான் தாம் பிறவி எடுத்திருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. ஷிஃப்ட் பஸ் வருவதற்குள் நாலைந்து எச்சரிக்கையாவது அனுப்பாவிட்டால் அவருக்குக் காலை டிபன் செரிக்காது.

"லோன் வேணுமான்னு கேக்குறவனைக்கூட மன்னிச்சிடலாம். இந்தக் கண்டதையும் ஃபார்வர்ட் பண்றான் பாரு, அவனைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்" என்றார், அன்றைய குட்மார்னிங் ரோஜாவுக்கு எத்தனை பேர் கைகூப்பியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே.

"வெளிநாட்டுல பட்டனை அமுக்குறதுக்குக்கூட பேட்டன்ட் வாங்கி வச்சிருக்கான். நான் என் பேரைப் போட்டுக்கக் கூடாதா?"

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகன் பாலகுமார் அதற்கும் வழி செய்து கொடுத்திருந்தான். அப்பா எந்தப் படத்தை அனுப்பினாலும், அடியில் நீல எழுத்தில் தானாக முத்திரை விழுந்துவிடும்: 'சங்கரலிங்கம். பெயரை நீக்காமல் பகிரவும்.' ரோஜாப்பூவுக்கும் விழும். ரோஜாவைப் படைத்தவன் அதைப் பற்றி இதுவரை புகார் செய்யவில்லை.

பக்கத்தில் இருந்த சுபாஷும் ராயப்பனும் தலையாட்டினார்கள். அவர் வாங்கிக் கொடுத்த டீ இன்னும் பாதி இருந்ததே.

அப்போதுதான் அய்யனார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை அள்ளுகிற காண்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு என்னவோ இஸ்திரி போட்ட சட்டையும், கையில் சர்டிபிகேட் பையுமாக வந்திருந்தான்.

"சார், எங்க காண்ட்ராக்டரு உங்களுக்குத் தெரிஞ்சவருதானுங்களே. ஒரு வார்த்தை சொல்லணுங்க. காலையில மொத ஷிஃப்ட்டுக்குப் போவல. வேற ஆளைப் போட்டுகினு, இனிமே நீ வராதன்றாரு."

"ஏன் போகலை?"

அய்யனார் தயங்கித் தயங்கிப் போனைக் காட்டினான். காட்டினானே தவிர கையிலிருந்து விடவில்லை. 'காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் அனைவரும் பெர்மனன்ட். திங்கள் காலை சான்றிதழ்களுடன் நேரில் வரவும்' என்று ஓர் அறிவிப்பு. படத்தின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

"இதைப் பாத்துட்டுதான் மைன்ஸு கேட்டாண்ட போய் நின்னேங்க. வாட்ச்மேன் சிரிக்கிறாரு."

"மாலை எதுவும் போடலியா?" என்றார் சுபாஷ்.

சங்கரலிங்கத்துக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"இது போலின்னு போன வாரமே குரூப்ல தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! பாக்கலியா?"

"அந்த குரூப்புல நாங்க இல்லீங்களே சார். பெர்மனன்ட்டுக்காரங்கதான இருக்காங்க."

சங்கரலிங்கம் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். வேலையை வாட்ஸ்அப்லயா கொடுப்பான்? கேக்கிறவன் கேணையன்னா கேப்பையில நெய் வடியுதும்பான். உன் புத்தி எங்கய்யா போச்சு?"

"எத்தினி வருசமா பெர்மனன்ட்டு பெர்மனன்ட்டுன்னு காதுல கேட்டுகினே கெடக்கறோம் சார். வேற யாராச்சும் அனுப்பியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க. இவரு வெவரம் தெரிஞ்சவரு."

"யாருய்யா அந்த வெவரம் தெரிஞ்சவன்?"

"வேணாங்க சார். அவரு கெட்ட எண்ணத்துல அனுப்பியிருக்க மாட்டாரு."

"ஒரு குடும்பத்தோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கான், அவனுக்கு நீ வக்காலத்து வேற! இந்த மாதிரி ஆளுங்களாலதான் இன்டர்நெட்டே நாறுது. நான் காண்ட்ராக்டர்கிட்ட பேச மாட்டேன். அனுப்பின முட்டாள் போய்க் கால்ல விழட்டும். அதுதான் நியாயம்!"

"சரியான தீர்ப்பு" என்று டீயை உறிஞ்சினார் ராயப்பன்.

அய்யனார் கெஞ்சினான். "எம்பொண்டாட்டி காலையிலயே புள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிட்டா சார். அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னே தெரியல. இருக்கிற வேலையாச்சும் நிக்கணுங்க."

"அப்ப அவன் பேரைச் சொல்லு. இன்னிக்கு எல்லா குரூப்லயும் அவன் மானத்தை வாங்குறேன்!" என்று வெடுக்கென்று போனைப் பிடுங்கினார் சங்கரலிங்கம்.

கட்டைவிரல் விலகியது. அடியில் நீல எழுத்து.

'சங்கரலிங்கம். பெயரை நீக்காமல் பகிரவும்.'

போலி எப்படி இருக்கும் என்று காட்டப் போன வாரம் அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டதே அவர்தான். 'இது மோசடி, நம்பாதீர்கள்' என்று அதன் கீழே தனியாகத் தட்டி அனுப்பிய எச்சரிக்கை குவார்ட்டர்ஸோடு நின்றுவிட்டது. படம் மட்டும் கைமாறிக் கைமாறி வடக்குத்துக்குப் போயிருக்கிறது. பெயரை நீக்காமல் பகிரச் சொன்னார். ஜனங்கள் சொன்ன சொல் தட்டவில்லை.

சங்கரலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பெஞ்சில் இருக்கிற இரண்டு பேரும் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அய்யனார் மெதுவாகப் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வண்டியில ஏறு. காண்ட்ராக்டர்கிட்ட நானே பேசுறேன்" என்றார், சாவியைத் தேடிக்கொண்டே.

சுபாஷ் விடவில்லை. "என்ன சார், அனுப்பின முட்டாள்தான் போகணும்னீங்க? யாரு சார் அந்த மகானுபாவன்?"

சங்கரலிங்கம் குனிந்து வண்டியில் சாவியைத் திருகினார்.

"முத்தாண்டிக்குப்பத்துல ஒருத்தருங்க" என்றான் அய்யனார், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபடி. "பாவம், படிக்காதவரு. தெரியாம அனுப்பிட்டாரு."