காணாமல் போன நாள்

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றில், "எந்தத் தேதியில் காணாமல் போனார்?" என்று கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. ஜனங்கள் அதில் "தீபாவளிக்கு மறுநாள்", "ஆடி மாசக் கடைசி" என்று மனதுக்கு வந்தபடி எழுதிவிட்டுப் போவார்கள். கட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. புலம்பிப் புலம்பி ஒரு நாட்காட்டியைத் துணைக்கு வரவழைத்துக்கொண்டது. யார் கட்டத்தைத் தொட்டாலும் நாட்காட்டி சட்டென்று முன்னால் வந்து நின்று, தேதியைத் தொடச் சொல்லும். கட்டமும் சுத்தபத்தமாக ஆகிவிட்டது.

ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். "வெள்ளம் வந்த அன்னிக்கு" என்று எழுதப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் ஆகாதும்மா, தேதியைத் தொடுங்க" என்றது நாட்காட்டி.

"தேதி யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? வீடே போயிடுச்சு."

அந்தக் குரல் கட்டத்தை என்னவோ செய்தது. "தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கோ. அவங்க எழுதட்டும்" என்று கட்டம் நாட்காட்டியிடம் கெஞ்சியது.

"எனக்கு நகரத் தெரியாதுண்ணே. வழிமறிச்சு நிக்கத்தானே கூப்பிட்டீங்க?"

அவள் மாதங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். பிறகு பக்கத்தை மூடிவிட்டாள்.

பெயரைக் கேட்கும் கட்டம் அடுத்ததாகத்தான் இருந்தது. அவள் யாரைத் தேடி வந்தாள் என்பது தேதிக் கட்டத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.