வல்லரசு அழாத நாள்

"டீச்சர் அழுவுறாங்கடி!"

பொன்னி சொன்னதும் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் கரும்பலகையைப் பார்த்தது.

கலையரசி திரும்பவில்லை. பாதி எழுதிய 'ஆ'வில் சாக்பீஸ் அப்படியே நின்றிருந்தது. தோள் மட்டும் குலுங்கியது.

மண்டகப்பட்டு தாண்டி ஓர் ஊரில் சின்னப் பள்ளிக்கூடம். அவள் வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது வாரம். பிள்ளைகளுக்கும் மூன்றாவது வாரம்தான்.

முதல் வாரம் வகுப்பில் பாடமே நடக்கவில்லை, ஒப்பாரிதான் நடந்தது. ஒருத்தி ஓய்ந்தால் அடுத்தவன் தொடங்குவான். பஸ் ஹாரன் கேட்டால் பாதி வகுப்பு கேட்டுக்கு ஓடும். அவர்களைப் பிடித்து வருவதற்குள் மீதிப் பாதி சத்துணவுக் கூடத்தில் இருக்கும். பயிற்சியில் அவளுக்குக் குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இடுப்பில் நிற்காத டிராயரை ஊக்கு குத்தி நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லாருக்கும் மேலே வல்லரசு. பேருக்கேற்ற பிள்ளை. அவன் அம்மா வாசலில் விட்டுவிட்டு நகர்ந்தாளோ இல்லையோ, தரையில் விழுந்து புரளுவான். தூக்கப் போனால் கடிப்பான். விழுப்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் கலையரசியின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நாயாம்மா?" என்று விசாரித்தார்கள்.

இன்றைக்கு அவனும் அழவில்லை.

அம்மாவின் விரலை உதறிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தான். அவன் அம்மா கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து யாருமே அழாத முதல் காலை. கலையரசி நிம்மதியாக எழுதத் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் பதறவில்லை. அழுகிறவர்களை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் புடவையைப் பிடித்து இழுத்துப் போய், கேட் தெரிகிற ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பொன்னி தன் சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

"அழாத டீச்சர். சாயங்காலம் உங்க அம்மா வந்து இட்டுக்கினு போவாங்க."

கலையரசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

ஒன்றாம் வகுப்பில் சத்தமே இல்லையே, என்ன கோளாறோ என்று தலைமையாசிரியர் கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வகுப்பை முறைத்தார். எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டன.

"நான் இன்னிக்கி கடிக்கல சார்!" என்றான் வல்லரசு.

கோதண்டபாணி குரலைத் தணித்துக்கொண்டார். "மொத மாசம் கொஞ்சம் பேஜாராத்தாம்மா இருக்கும். போவப் போவப் பழகிடும்."

"பழகிடுச்சு சார்."

சொல்லும்போதே மறுபடி கண் நிறைந்தது. அவர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? அவளுக்குப் பத்து மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான். இத்தனை நாளும் அவள் செருப்பைத் தேடினாலே கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டவன். மாமியார் அவனைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தச் சத்தம் அவள் காதிலேயே வரும்.

இன்று காலையில், மாமியாரின் இடுப்பில் உட்கார்ந்து, ஒரு கையில் இட்லித் துண்டோடு, அவன் சிரித்துக்கொண்டே அவளுக்கு டாட்டா காட்டினான்.