மத்தியானச் சங்கு

"இது ஒன்பதாவது பாத்திரம்," என்றபடி வெர்னிஸ் கதவைத் திறந்தாள். "கோழியும் நூடுல்ஸுமா?"

"இல்ல, டூனா மீன்." டார்லா பாத்திரத்தை நீட்டினாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் பெல்மர் ஊரில் இல்லை, கொலைகாரியே ஆனாலும்.

"உள்ள வா. உன் மூஞ்சியப் பாத்தா செத்தது நீதான்னு நெனச்சுக்குவாங்க."

வெர்னிஸின் வீடு செவ்வாய்க்கிழமைச் சுழல்காற்றில் புருஷன் ஹோலிஸோடு போய்விட்டது. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள்.

டார்லா ஊர் மன்றத்தின் ஒரே குமாஸ்தா. தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஊர்ச் சங்கின் பொத்தானை அழுத்துவது அவள் விரல்தான். ஒரு நிமிடம் ஊதினால் சாப்பாட்டு நேரம். நிறுத்தாமல் மூன்று நிமிடம் ஊதினால் சுழல்காற்று, நிலவறைக்கு ஓடு. நெப்ராஸ்கா மாநிலத்துச் சின்ன ஊர்களில் இரண்டுக்கும் ஒரே சங்குதான்.

ஹோலிஸ் சாப்பாட்டு விஷயத்தில் கறார். சங்கு ஓய்வதற்குள் தட்டு மேசைக்கு வராவிட்டால் சுவருக்குப் பறக்கும். "வெர்னிஸ் இன்னிக்குத் தப்பிச்சாளா?" என்று காப்பிக் கடையில் ஆண்கள் அவரைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாற்பத்தொரு வருடமாக அது அவர்களுக்குச் சிரிப்பு.

"அன்னிக்கு நான் ஜன்னல் பக்கமே திரும்பல வெர்னிஸ்," என்றாள் டார்லா. "வாக்காளர் பட்டியல் அடிச்சிட்டிருந்தேன். மணியப் பாத்தேன், அமுக்கினேன், அறுபது எண்ணி விட்டுட்டேன். அடுத்த நிமிஷமே காத்து எறங்கிடுச்சு."

வெர்னிஸ் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்தாள். திரும்பவில்லை.

"கையெடுக்காம இருந்திருந்தா அவரு ஓடியிருப்பாரு. சாப்பாட்டுச் சங்குதானேன்னு மேசையிலயே உக்காந்துட்டாரு. ஏதோ, நீங்க அந்த நேரம் நிலவறையில இருந்ததால பொழச்சீங்க. கடவுள் காப்பாத்தினாரு."

"பாதிரியாரும் அதேதான் சொல்றாரு."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். வேலையையும் விட்டுடறேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. திட்டுங்க. அடிங்க. எதாவது செய்ங்க."

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாதி ஊர் ஹோலிஸின் சொந்தக்காரர்கள். அவள் முகத்தில் விழிக்கக்கூட ஆள் இருக்காது.

வெர்னிஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத பொண்ணே. அந்த மனுஷன் எப்பவும் ஜன்னலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாரு. நான் அடுப்புகிட்ட நிக்கிறவ. எனக்கு ஜன்னல் நேரா தெரியும். வானம் பச்சையா இருந்துச்சு."

அந்தச் சமவெளியில் வானம் பச்சையானால் சுழல்காற்று வரும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"அப்ப நீங்க... அவர்கிட்ட..."

"நிலவறைக்கு எறங்கறப்ப எங்க போறேன்னு கேட்டாரு," என்றாள் வெர்னிஸ். "ஊறுகா எடுக்கன்னேன்."