பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது

அவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்ததும் மனைவியின் போன் திரை கறுத்துப்போனது. அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"யாரு?"

"அக்காதான்."

"அக்காகிட்ட பேசறதுக்கு எதுக்கு இவ்ளோ ஒளிவுமறைவு?"

"நான் எங்கங்க ஒளிச்சேன்? இந்த போனே அப்படித்தான். நேரா பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

போன மாதம் வாங்கிய போன். அவளுக்குப் பார்வை மங்கல் என்பதால் எழுத்தைப் பூதம் மாதிரி பெரிதாக வைத்திருப்பாள். நாலு வார்த்தையில் திரை நிரம்பிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இவளுக்கு வந்த மெசேஜை உட்கார்ந்தபடியே வாசித்துவிட்டு, "உங்க நாத்தனார் பேசினது ரொம்பத் தப்புங்க" என்று நியாயம் சொன்னாள். மறுநாளே இவள் போய் இதை வாங்கிவிட்டாள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்று கடைக்காரன் அடித்துச் சொல்லியிருந்தான்.

"சுத்த ஏமாத்து வேலை" என்று அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விலையை ஏத்தறதுக்கு ஒரு சாக்கு. வீட்டுல இருக்கறதே நாம ரெண்டு பேரு. நீ யாருகிட்ட மறைக்கப்போற?"

இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சில நாளாக அவருக்கு நெஞ்சில் ஓர் இறுக்கம். லேபுக்குப் போய் ஸ்கேன், ரத்தம் எல்லாம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கணவன் மனைவி சேர்ந்து வந்தால் சலுகை என்று அங்கே போர்டு தொங்கியது; இவள் விடுவாளா, தானும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டாள். மனைவியின் அக்காவுக்கு அந்த லேபில்தான் வேலை. எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

"ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"ம். உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்பவும் இருக்கற மூஞ்சிதான்."

அவர் அப்பாவிடமும் கடைசிவரை எல்லோரும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என் மேல சத்தியம் பண்ணு."

"உங்க மேல சத்தியமா உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. போதுமா?"

பொய்ச் சத்தியம் பண்ணுகிறவள் இல்லை. அவளையே இப்படிப் பண்ண வைத்திருக்கிறது என்றால் வந்திருப்பது லேசுப்பட்ட வியாதி இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"போனைக் குடு."

"அக்கா ஏதேதோ வீட்டு விஷயம் எழுதியிருக்கா. வேண்டாம், விடுங்க."

வலது பக்கம் போனார். கறுப்பு. இடது பக்கம் வந்தார். அங்கேயும் கறுப்பு. பின்னால் போகலாம் என்றால் அவள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். ஏமாற்று வேலை என்று ஏளனம் பண்ணிய சாமான் இப்போது அவரை இந்தப் பாடு படுத்தியது.

சுற்றி வந்த வேகத்தில் கை பட்டு அலமாரியிலிருந்து உப்பு டப்பா உருண்டது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'உப்பு' என்ற எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருந்தது. அவர் வைத்திருப்பது ரப்பர் ஸ்டாம்ப் கடை. ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பித்தானே வெட்டவேண்டும்? அந்தக் கை, பழக்கதோஷத்தில் வீட்டு டப்பாவுக்கும் திருப்பியே எழுதிவிட்டது. கேலி பண்ணுவதற்கென்றே அவள் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தாள்.

அவர் டப்பாவை எடுத்து வைத்தார்.

"இதோ பாரு, எனக்குப் பயமா இருக்கு. எனக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியக்கூடாதா?"

"ஐயோ, உங்களுக்கு எதுவும் வரலைன்னு எத்தனை தடவைங்க சொல்றது!"

எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இனி எட்டிப் பார்க்கத் தெம்பில்லை. இங்கிருந்து பார்த்தால் போனின் முதுகும் அவள் முகமும்தான் தெரிந்தன.

வெளியே மேகம் கட்டி, அறை இருட்டிக்கொண்டு வந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. அவள் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

அவளுடைய மூக்குக்கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. அதற்குள்ளே எழுத்துகள், பெரிது பெரிதாக, இடம் வலம் மாறி. வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ கோணல் கோடு என்று விட்டிருப்பார்கள். அவருக்குப் பிழைப்பே அதில்தான்.

வாசித்தார். நம்பமுடியாமல் இன்னொரு முறை வாசித்தார். அக்கா எழுதியிருந்தது இரண்டே வரிதான். இவ்வளவு நேரம் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தன் நெஞ்சு இறுக்கத்தைக்கூட மறந்துபோனார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்தாள்.

"இப்பவாவது நம்புங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நம்பறேன். உனக்கு எப்போ ஆபரேஷன்?"