பக்கத்து வீட்டுக்கு வந்த லாரி

விங்கோ லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வால்வு மூடியைத் திருகினார். செத்துப்போன மனைவி மில்காவின் அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்திருந்தும் சூடு விரலைப் பொசுக்கியது.

எழுபத்தெட்டு வயதில் திருட்டுத்தனம் பண்ணக் கை ஒத்துழைக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக் கதவு மட்டும் திறந்தால் தொலைந்தார். வந்து குடியேறியவர்களைக் கண்டால் ஆகாத கிழவன் என்று ஊரே காறித் துப்பும்.

நல்லவேளை, உச்சிவெயில். கோடைப் பகலில் இந்த ஊர்த் தெருவில் ஈ காக்கை கிடையாது. குன்றைக் குடைந்து செய்த வீடுகளுக்குள் எல்லோரும் குளுகுளுவென்று படுத்திருப்பார்கள். லாரிக்காரனும் பக்கத்து வீட்டு லிகாயா போட்ட சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு அங்கேயே உருண்டுவிட்டான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில், லாரியின் பின்பக்கம் விங்கோவின் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தான். ஒளிந்து வேலை பார்க்க அதுவும் வசதியாகவே இருந்தது.

ஆணி முனையால் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்ற சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்கும் போலிருந்தது.

அவருக்குப் பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் குடும்பத்தின் மேல் கோபமெல்லாம் இல்லை. பயம்தான். லிகாயா ஊரைவிட்டுப் போய்விடுவாளே என்ற பயம்.

சுரங்கத்தில் ஓப்பல் ரத்தினக்கல் கிடைப்பது நின்றதும் ஊர் காலியாகிப் போனது. வங்கியை மூடினார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரியையும் பூட்டினார்கள். நர்ஸ் என்று ஒருத்தர்கூட இல்லாத அந்த வருஷத்தில்தான் மில்காவுக்கு மூச்சுத் திணறியது. அடிலெய்டிலிருந்து ஆம்புலன்ஸ் விமானம் வந்து இறங்குவதற்குள், அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம்தான் லிகாயா நர்ஸாக வந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தாள். அவள் புருஷன் ரோமெல், தூசி படிந்து கிடந்த ரொட்டிக்கடையைத் திறந்தான். அவர்கள் சொல்லி இன்னும் பல குடும்பங்கள் வந்தன. பள்ளிக்கூட மணி மறுபடி அடித்த அன்று விங்கோ வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதார்.

ஆனால் எத்தனை நாளைக்கு? மூன்று வருஷம் இந்தப் பாலைவனத்தில் குப்பை கொட்டினால், நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிடும். அப்படி வந்த டாக்டர், அது கிடைத்த மறுவாரமே அடிலெய்டுக்கு மூட்டை கட்டிவிட்டார். லிகாயாவுக்கும் அந்த அனுமதி போன மாதம் வந்துவிட்டது.

இன்று காலையில் அவள் வாசலில் காலி அட்டைப்பெட்டிகள். பின்னாலேயே லாரி. "என்ன புள்ள, பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருக்க?" என்று கேட்டதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"சாயங்காலம் வந்து பேசறேன் தாத்தா" என்று உள்ளே ஓடிவிட்டாள். இதற்கு மேலும் புரியாமலிருக்க அவர் என்ன பச்சைக் குழந்தையா?

பின்சக்கரம் தரையோடு அமுங்கியது. அவருடைய வீட்டுக்குள் போன் அடித்தது. அடிலெய்டிலிருந்து மகள் டானியேலாவாகத்தான் இருக்கும். அவளுக்கு நேரம் காலமே தெரியாது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு முன்சக்கரத்துக்கு நகர்ந்தார்.

பஞ்சர் ஒட்டுகிறவன் ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மிஷினும் பல்லிளித்துவிட்டது. லாரி இரண்டு நாள் அசையாது. அதற்குள் காலில் விழுந்தாவது அவளை நிறுத்திவிட வேண்டும்.

"தாத்தா?"

கையிலிருந்த ஆணி நழுவியது. லிகாயா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த வெயில்ல என்ன பண்றீங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"போகாத புள்ள" என்றார். "நீ போயிட்டா ஆஸ்பத்திரியப் பூட்டிருவானுங்க. மில்கா மாதிரி நானும் மூச்சு முட்டிச் சாகணும். அவ பக்கத்துல நானாவது இருந்தேன். எனக்கு யாரு இருக்கா?"

லிகாயா காற்றிறங்கிய சக்கரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாங்க எங்க போறோம்? ரோமெல் இப்பதான் கடைக்கு ரெண்டாவது அடுப்பு வாங்கியிருக்காரு. அடிச்சு வெரட்டினாலும் நகர மாட்டோம்!"

"அப்ப இந்த லாரி?"

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்க மக அனுப்பினது தாத்தா. போன் பண்ணா நீங்க எடுக்கறதே இல்லையாம். அங்க முதியோர் இல்லத்துல உங்களுக்கு இடம் சொல்லி வெச்சுட்டாங்க. உங்க சாமானைக் கட்டி, உங்களையும் ஏத்தி அனுப்பச் சொன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரி பூரா அழுதேன்."

விங்கோ கொதிக்கிற மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

லிகாயாவின் வீட்டுக்குள் லாரிக்காரன் இருமும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று குனிந்து, மண்ணில் கிடந்த ஆணியைப் பொறுக்கினாள்.

"தள்ளுங்க தாத்தா, அந்தப் பக்கச் சக்கரத்தை நான் பாத்துக்கறேன்."